கர்னல் படிக்கணுமா? முதல்ல பாயின்டர்கிட்ட பேசுங்க!

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே இருக்கும் 500 மெகாவாட் ஈனுலையைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, திரவ சோடியம். அதன் வெப்பநிலையை விடாமல் கண்காணித்து, எல்லை மீறினால் உலையை நிறுத்தச் சொல்வது கணினிகளின் வேலை. உங்கள் போன் ஆப் மாதிரி 'லோடிங்...' என்று சுற்றிக்கொண்டிருக்க அவற்றால் முடியாது.

இப்படி ஹார்டுவேருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுவதுதான் லோ லெவல் சிஸ்டம்ஸ் புரோகிராமிங். செங்கல்பட்டு பக்கம் ஜிஎஸ்டி சாலை நெடுக உள்ள இன்ஜினீயரிங் மாணவர்களில் பலருக்கு இதன்மேல் ஆசை உண்டு. ஆனால் கர்னல், டிவைஸ் டிரைவர் என்று நேராகக் குதித்தால், கோர்ஸுக்கு அப்பா கட்டிய பணம் இரண்டாவது வாரமே கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

முதலில், எண்கள். பைனரி, ஹெக்ஸ் எல்லாம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். குறியோடு கூடிய 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. 1996 ஜூன் 4-ம் தேதி கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில், 64 பிட் எண் ஒன்றை இந்த 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்தது மென்பொருள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராக்கெட் வெடித்துச் சிதறியது.

அடுத்தது சி மொழி. இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பைத்தானில் ஐந்து இடம் கொண்ட பட்டியலில் ஆறாவதைக் கேட்டால், தப்பு என்று உடனே சொல்லிவிடும். சி சொல்லாது. பக்கத்து வீட்டு மெமரியில் பேசாமல் எழுதிவிட்டுப் போய்விடும். புரோகிராம் வேறெங்கோ போய்ச் சாகும். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி: ஒரு ஃபங்ஷனுக்குள் உருவான சாதாரண மாறியின் முகவரியை வெளியே திருப்பி அனுப்பினால் ஏன் ஆபத்து? ஸ்டாக், ஹீப் இரண்டையும் வரைந்து இதை விளக்க முடிந்தால் தாராளமாக மேலே போகலாம். முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் சி-யோடு இருங்கள், குறைந்துவிட மாட்டீர்கள். ஜிடிபி டீபக்கரையும் கூடவே பழகுங்கள். பிரிண்ட்எஃப் போட்டே காலம் தள்ள முடியாது.

அசெம்பிளிக்கு ரிஸ்க்-வி நல்ல தொடக்கம். அடிப்படைக் கட்டளைகள் ஐம்பதுக்கும் குறைவு. ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' புராசசர் இதில் அமைந்ததுதான். 2018-லேயே அதில் லினக்ஸ் ஓடிவிட்டது. கேஷ், இன்டரப்ட், விர்ச்சுவல் மெமரி மூன்றும் இந்தக் கட்டத்திலேயே புரிந்துவிட வேண்டும்.

டேட்டா ஸ்ட்ரக்சரில் லிங்க்டு லிஸ்ட், கியூ, ஹாஷ் டேபிள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம். லினக்ஸ் கோடிக்கணக்கான வரிகள். அதில் முதலில் கை வைக்காதீர்கள். எம்ஐடி-யின் எக்ஸ்வி6 பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். அதை வைத்தே ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் செஸ்டர் ரெபேரோ நடத்தும் பாடம் என்பிடெலில் இலவசம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

பெற்றோர் கவனத்துக்கு: இதற்கெல்லாம் லட்ச ரூபாய் லேப்டாப் தேவையே இல்லை. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாலே எக்ஸ்வி6 ஓடும்.