தலையீற்றைக் கேட்காதீர்கள்

நலன்புரி நிலையங்களிலும் உறவினர் காணிகளிலும் வாழும் குடும்பங்களுக்குச் சுயதொழில் உதவியாக ஒரு பெட்டைப் பன்றியைக் கொடுப்பது நல்ல திட்டம் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. உழுவதற்குக் காணி இல்லாதவரும் வளவின் ஒரு மூலையிற் கொட்டில் போடலாம். ஆனால் இத்தகைய உதவியோடு வரும் ஒரு நிபந்தனையைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. முதல் ஈற்றிலேயே இரண்டு பெட்டைக் குட்டிகளை அடுத்த குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அது.

பெற்றதைப் பகிர்வது எமக்குப் பாரமல்ல. எந்த ஈற்றிலிருந்து என்பதே கேள்வி.

தலையீற்றுப் பன்றி பொதுவாகப் பிந்திய ஈற்றுகளைவிடக் குறைவாகவே குட்டி போடும். அதற்கும் புதிது, எமக்கும் புதிது. நெல்லையும் மிளகாயையும் அறிந்த எமக்கு, 114ஆம் நாள் இரவு கொட்டில் வாசலில் என்ன செய்வதென்று எவரும் சொல்லித் தரவில்லை. எமது பன்றி எட்டுக் குட்டி போட்டது. முதல் இரவே இரண்டு தாயின் கீழ் நசுங்கின. மார்கழி மழை, தகரக் கூரை, ஈரச் சீமெந்துத் தரை. மூன்றாவது குளிரில் விறைத்தது. நான்காவது மூன்றாம் கிழமையில் வெளிறி, மூச்சிளைத்து இறந்தது. மிஞ்சிய நான்கில் பெட்டை இரண்டு. இரண்டையும் கொடுத்தோம். கடையில் தவிட்டுக் கடன் இருந்தது. மற்ற இரண்டும் அதற்குப் போயின. ஆறு மாத உழைப்பின் பின் கொட்டிலில் தாய் மட்டுமே நின்றது.

அந்த நான்கும் தப்பியிருக்கக்கூடியவை என்பது பின்னரே விளங்கியது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பனஞ்சலாகை கட்டியிருந்தால், தாய் சரியும்போது குட்டி ஒதுங்க இடம் கிடைத்திருக்கும். பிறந்த குட்டிக்கு 32 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். ஒரு மூலையைச் சாக்கினால் மறைத்து, உலர்ந்த வைக்கோல் பரப்பி, மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிடலாம். மின்சாரம் இல்லாத வீட்டில் சுடுநீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி வைக்கலாம். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மண்ணைக் கிளறும் குட்டிக்கு அது ஓரளவு கிடைக்கும், சீமெந்தில் வளர்வதற்குக் கிடைக்காது. மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போட்டிருந்தால் அந்த வெளிறல் வந்திராது. இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தலையீற்றிலேதான் படிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் 114 நாள், பால்குடி 8 கிழமை. பால் மறக்கச் செய்து ஒரு கிழமைக்குள் தாய் பெரும்பாலும் மீண்டும் வேட்கைக்கு வரும். ஆகவே இரண்டாம் ஈற்றுக் குட்டிகளும் ஏறக்குறைய ஆறு மாதத்திற் கைக்கு வந்துவிடும். நாம் கேட்பது அந்த ஆறு மாதத் தவணை மட்டுமே. அதற்குள் தலையீற்றில் மிஞ்சியதை விற்றுக் கடனைத் தீர்க்கலாம், கொட்டிலைத் திருத்தலாம், முடிந்தால் ஒரு பெட்டையை எமக்கென வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த குடும்பம் காத்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான், நாமும் அப்படிக் காத்திருந்தவர்களே. ஆனால் நோஞ்சான் குட்டியொன்று வந்து சேர்ந்தால் அந்த வீட்டுக்கு அது உதவியல்ல, செலவு. இன்னொன்றும் உண்டு. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எமது நாட்டிலும் உறுதிப்படுத்தப்பட்டது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் அதற்குச் சிகிச்சை இல்லை, வந்தால் கொட்டிலே வெறுமையாகும். கொட்டிலுக்குக் கொட்டில் பன்றிகள் மாறுவது அந்நோய் பரவும் வழிகளில் ஒன்று. மிருக வைத்தியர் பார்க்குமுன் அவசரமாகக் கைமாறும் குட்டி எதைக் கொண்டு போகிறதென்று யாருக்குத் தெரியும்? (சாப்பாட்டுக் கடை மிச்சங்களைக் கொடுப்போர் அரை மணித்தியாலம் நன்கு கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.)

ஆகவே, உடன்படிக்கை எழுதுவோரே, 'முதலாம் ஈற்று' என்பதை வெட்டி 'இரண்டாம் ஈற்று' என்று எழுதுங்கள். பன்றியோடு இரும்பு ஊசிக்கான செலவையும் நான்கு சலாகைகளையும் சேர்த்துத் தாருங்கள். எம் பங்குக்கு நாமும் ஒன்று சொல்கிறோம். திருப்பித் தரும் இரண்டும் அந்த ஈற்றின் நல்ல குட்டிகளாக இருக்கும்: 8 கிழமை நிறைந்தவை, 12 முலைக்காம்புக்குக் குறையாதவை, பூச்சி மருந்து கொடுத்தவை. நோஞ்சானை நாமே வைத்துக்கொள்வோம்.