உச்சி முதல் பாதம் வரை

புனே நகருக்குப் பட்டப் பெயர்கள் பல. கல்வி நகரம் என்பார்கள். ஓய்வு பெற்றவர்களின் சொர்க்கம் என்பார்கள். ஆனால் பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறிய நம் போன்றவர்களின் கண்ணில் முதல் நாளே பட்டவை இரு சக்கர வண்டிகள்தாம். பஸ்ஸை மட்டும் நம்பினால் நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாது என்று தெரிந்துகொண்ட மாதமே நம்மில் பலர் ஒரு ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கிவிட்டோம். இன்று நம் பிள்ளைகளின் காலம். ஹிஞ்சவாடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் லோனாவாலா, தாம்ஹிணி காட், மகாபலேஷ்வர் என்று மலைப்பாதைப் பயணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டுக்கே வண்டியில் கிளம்பிவிடுகிற துணிச்சல்காரர்களும் உண்டு.

இந்த ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். கண் மட்டும் தெரியும்படி துணியால் முகத்தை இறுகக் கட்டிக்கொள்வார்கள். முழங்கைக்கு மேல் வரை நீளும் பருத்தி உறையைக் கையில் மாட்டிக்கொள்வார்கள். எல்லாம் வெயிலுக்கும் தூசிக்கும்தான். நம் வீட்டுப் பெண்களும் இதை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி. தோல் கறுத்துவிடக் கூடாதே என்று இவ்வளவு ஏற்பாடு செய்கிற நாம், அதே தோல் தார் ரோட்டில் உரிந்து போகாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

"ஹெல்மெட் இருக்கிறதே" என்பீர்கள். அதுவும் போலீசுக்குப் பயந்து வந்த பழக்கம்தான். 2019 ஜனவரியில் ஹெல்மெட் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது எதிர்த்து ஊர்வலம் போன ஊர் இது. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022-ம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது ஹெல்மெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே ஹெல்மெட்டைப் பற்றி இங்கு வாதம் செய்யப் போவதில்லை. என் கட்சி வேறு. தலைக்குக் கீழேயும் உடம்பு இருக்கிறது. அதற்கான கவசத்தையும் வண்டியின் விலையில் ஒரு பகுதியாகவே நினைத்து, வண்டி வாங்கும் அன்றே வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அது.

பிற ஊர்களில் பிழைக்கப் போனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விழுகிறவர்களில் பெரும்பாலானோர் இறப்பதில்லை. மணிக்கட்டு முறிகிறது, உள்ளங்கையும் முழங்காலும் தேய்ந்து சதை தெரிகிறது, கணுக்கால் பிசகுகிறது, தோள் எலும்பு உடைகிறது. சொந்த ஊரில் விழுந்தால் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா இருப்பாள், சித்தப்பா ஆஸ்பத்திரியில் இரவு தங்குவார், பக்கத்து வீட்டிலிருந்து ரசம் சாதம் வரும். வாடகை அறையில் நண்பனோடு தங்கியிருக்கும் இருபத்து நான்கு வயதுப் பையனுக்கு, இரண்டு கைகளிலும் கட்டுப் போட்ட நிலையில், ஒரு வாய் சோறு ஊட்ட யார் இருக்கிறார்கள்? ஊரிலிருந்து தாயார் ரயிலேறி வந்து ஒன்றரை மாதம் தங்க வேண்டும். விடுப்பு தீர்ந்தால் சம்பளம் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட காயங்களில் பலவற்றைத்தான் நல்ல கவசம் தடுக்கிறது அல்லது குறைக்கிறது.

இது வெறும் நம்பிக்கையல்ல. ஆஸ்திரேலியாவில் கான்பெரா வட்டாரத்தில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஜாக்கெட் அணிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்த அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கான பேன்ட் அணிந்தவர்களுக்கு ஏறக்குறைய பாதி குறைவு. கையுறை அணிந்தவர்களுக்குப் பாதிக்கும் மேல் குறைவு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அவர்கள் அணிந்திருந்த பாதுகாப்பு உடைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் விழுந்த வேகத்தில் சேதமாகிக் கைவிட்டுவிட்டன. ஆகவே வாங்குவது மட்டும் போதாது, பார்த்து வாங்க வேண்டும்.

கந்தர் சஷ்டி கவசத்தில் ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி வேண்டுகிறோம் அல்லவா? அதுபோல் மேலிருந்து கீழே பார்த்துவிடலாம்.

தலை. ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து முத்திரையில்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் நடைபாதையில் விற்கிறார்கள். முகம் முழுவதையும் மூடுவது நல்லது. புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்து வாங்குங்கள். புதிதில் கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும்; தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாத ஹெல்மெட் விழுந்ததும் தனியே உருண்டு போகும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி அணியக் கூடாது.

தோள், முழங்கை, முதுகு. இவற்றுக்குத்தான் ஜாக்கெட். ஜாக்கெட் என்றதும் ரவிக்கையை நினைத்துச் சிரிக்க வேண்டாம். இது மோட்டார் சைக்கிள்காரரின் கனமான மேல்சட்டை. இதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, துணி ரோட்டில் உராயும்போது எவ்வளவு தாங்கும் என்பது. இதை ஐரோப்பியர்கள் ஈ.என். 17092 என்ற அளவுகோலால் தரம் பிரிக்கிறார்கள். ஏஏஏ உயர்ந்தது, அடுத்து ஏஏ, பிறகு ஏ. ஊருக்குள் ஓட்ட ஏ போதும். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஏஏ பார்ப்பது நல்லது.

இரண்டாவது, உள்ளே வைத்திருக்கும் காப்புப் பட்டை. மெத்தென்ற பட்டை எல்லாம் கவசம் ஆகாது. உண்மையான பட்டையில் மோட்டார் சைக்கிள்காரரின் சின்னப் படமும் ஈ.என். 1621 என்ற எண்ணும் நிலை 1 அல்லது நிலை 2 என்பதும் அச்சாகியிருக்கும். தோள், முழங்கை, முழங்கால் பட்டைகளைச் சோதிக்கும் முறை எளிதாகப் புரியக்கூடியதுதான். ஐந்து கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போடுகிறார்கள். அடியில் உள்ள உடம்புக்குப் போய்ச் சேரும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் நிலை 1. இருபதுக்கு மேல் போகாவிட்டால் நிலை 2. முதுகுப் பட்டைக்குக் கணக்கு இன்னும் கண்டிப்பு: 18, 9. ஆக, நிலை 2 என்பதே மேல்.

கடையில் ஒரு தந்திரம் உண்டு. தோளிலும் முழங்கையிலும் நல்ல பட்டையை வைத்துவிட்டு, முதுகில் வெறும் நுரைத் தகட்டைச் சொருகியிருப்பார்கள். கூச்சப்படாமல் முதுகுப் பையின் ஜிப்பைத் திறந்து வெளியே எடுத்துப் பாருங்கள். எண் இல்லையென்றால் முதுகுப் பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவு எல்லாவற்றிலும் முக்கியம். தீபாவளிச் சட்டையைப் போல் "வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று இதை வாங்கவே கூடாது. கடையில் நின்ற நிலையில் அல்ல, வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்கும் நிலையில் போட்டுப் பாருங்கள். முழங்கைப் பட்டை சரியாக முழங்கையின்மேல் இருக்க வேண்டும். பிடித்துத் திருகினால் நழுவக் கூடாது. நழுவும் கவசம் விழும்போது வேறெங்கோ போய்விடும். விலை உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

கை. விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது கையுறை என்பது என் கருத்து. உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்கு அருகே, தடித்த தோலோ வழுக்கும் தகடோ இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டி வேண்டும். விரல் நுனி தெரியும் அரைக் கையுறை அழகுக்குத்தான் ஆகும்.

முழங்காலும் பாதமும். சாதாரண ஜீன்ஸ் பேன்ட் தார் ரோட்டில் ஒரு நொடி தாங்கினால் பெரிய காரியம். தனிப் பேன்ட் வாங்க வசதியில்லாதவர்கள், பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளும் முழங்கால் கவசத்தையாவது வாங்கலாம். காலுக்கு, கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூட ஷூவைவிட நன்றாகக் காத்தது என்று அந்த ஆஸ்திரேலிய ஆய்விலேயே இருக்கிறது. செருப்போடு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி வீட்டில் எழும் ஆட்சேபங்கள். "இந்த வெயிலில் இதையெல்லாம் எப்படிப் போடுவது?" நியாயமான கேள்வி. அதற்காகவே காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட்டுகள் வந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது வியர்வை தெரியாது. சிக்னலில் நிற்கும்போது தெரியும். மே மாதத்தில் கோட்டு போட்டுக்கொண்டு கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் நிற்க முடிகிற சமூகம், அரை மணி நேரம் இதையும் தாங்கும்.

"பக்கத்துக் கடைக்குத்தானே போகிறான்" என்பது அடுத்தது. நாய் குறுக்கே ஓடுவதும், மழையில் எண்ணெய் படிந்த ரோடு வழுக்குவதும் பக்கத்துக் கடைக்குப் போகும் வழியிலும்தான். "விலை அதிகம்" என்பது மூன்றாவது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து வண்டி எடுக்கிறோம். அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், முழங்கால் கவசம் எல்லாம் அடங்கிவிடும். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவதா? மொத்தமாக முடியாதவர்கள் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், ஜாக்கெட், முழங்கால் என்ற வரிசையில் மாதம் ஒன்றாக வாங்கலாம்.

"கவசம் போட்டால் பையன் இன்னும் வேகமாகப் போவான்" என்கிற பெரியவர்களும் உண்டு. அவர்கள் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த ஜாக்கெட்டும் லாரிக்கு எதிரில் நிற்காது. முதுகுப் பட்டை கழுத்து எலும்பைக் காப்பாற்றாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே வாங்கித் தர வேண்டும். நிதானம்தான் முதல் கவசம். ஆனால் நிதானமாகப் போகிறவனையும் பின்னால் வருகிறவன் தட்டிவிடுகிறானே!

பின்னால் உட்காருகிறவர்களை மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். கணவர் ஹெல்மெட்டுடன் ஓட்ட, புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையோடு, தலையில் பூ மட்டுமே வைத்துக்கொண்டு செல்லும் இல்லத்தரசியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் வாசலில் பார்க்கிறோம். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுபவருடன் பிணைக்கும் வாரும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2022 பிப்ரவரியில் அறிவித்த விதி 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. எத்தனை வீடுகளில் அந்த வார் இருக்கிறது?

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவே ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கலாம். நீண்ட தூரம் ஓட்டிப் பழகிய நம் உறுப்பினர்கள் தங்கள் ஜாக்கெட்டையும் கையுறையையும் கொண்டுவரட்டும். இளைஞர்கள் போட்டுப் பார்க்கட்டும். தாய்மார்கள் பட்டையை எடுத்து எண்ணைப் படித்துப் பார்க்கட்டும். பலர் சேர்ந்து வாங்கினால் கடைக்காரரிடம் விலையும் பேசலாம்.

புது வண்டி வந்ததும் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதை விட வேண்டாம். ஆனால் அந்தத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு ஒரு ஜோடி கையுறையும் இருக்கட்டும். பூஜை முடிந்ததும் பையன் முதலில் அதை மாட்டிக்கொள்ளட்டும். சாவியைப் பிறகு கொடுங்கள்.