அம்மா போட்ட குல்லா

குன்னூரில் தங்கை வீடு. எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மண்ணை வெட்டிவிட்ட மேடு. அது முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை மண்வெட்டியோடு நின்றார்.

"பாசி, மச்சான். மழைக்கு முந்தி சுரண்டிடணும்."

"தாராளமா!" என்றேன். பி.காம். படித்தவனுக்குப் பாசியைப் பற்றி என்ன தெரியும்?

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிடையரான பாட்டனி வாத்தியார், வேலியோரம் வந்தார். "எந்தப் பாசி, தம்பி?"

பாசியில் எந்தப் பாசியா! குளத்துப் படியில் ஆளை வழுக்கிவிடுவதும் பாசி, மண்மேல் முளைப்பதும் பாசி என்று நாம் ஒரே பேர் வைத்துவிட்டோம். முன்னது ஆல்கா. பின்னது தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி. மாஸ். (ரஜினி படத்து மாஸ் இல்லை, சார்!)

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகுவாரே, அந்த லென்ஸைக் கொடுத்தார். குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, அது தனிக்கதை.

"இலை ரெண்டே வரிசையா, தட்டையா, கோழி இறகு மாதிரி இருந்தா ஃபிசிடென்ஸ். இது சுத்திலும் இலை. இப்ப உச்சியில குல்லாவைப் பாருங்க."

காம்பின் உச்சியில் வித்துப் பை. அதன் மேல் குல்லா. குல்லா முழுக்க முடி! போகோனேட்டம். கிரேக்க மொழியில் 'போகோன்' என்றால் தாடியாம். தேயிலையும் யூகலிப்டஸும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவை; இவர் உள்ளூர்க்காரர். அந்தக் குல்லா தாய்ச்செடியின் திசு. பை முற்றியதும் கழன்று விழுந்துவிடும். வேலை கிடைத்ததும் அம்மா பின்னிய குல்லாவைக் கழற்றியெறிந்த நானும் அதே ரகம்தான்.

குல்லாவையும் உள்மூடியையும் எடுத்தால், பையின் வாயில் 32 பல். எனக்கு 29தான் வந்தது. ஆடிட்டிங்கில் அரியர்ஸ் வைத்தவன்!

போகோனேட்டத்தில் எந்த இனம்? அதற்கு இலையை பிளேடால் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இலைமேல் லெட்ஜர் பக்கங்கள் மாதிரி பச்சைத் தகடுகள் நிற்கும்; அவற்றின் ஓரத்துச் செல்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, பழனி மலை மாஸ்களுக்கு 1961-ல் பட்டியலே வெளியிட்டார். எனக்கு ஒன்றுக்கே கழுத்து சுளுக்கு.

"வெட்டின மண்ணுல முதல்ல குடியேறுறது இதுதான்" என்றார் பெரியவர் மாப்பிள்ளையிடம். "வேர் கிடையாது. நூல் நூலாப் பிடிச்சிருக்கு. மேடு சரிஞ்சா தாங்காது, ஆனா மேல்மண் கரையாது. சுரண்டுனீங்கன்னா, முதல் மழைக்கே சேறு உங்க அடுப்படியில."

மாப்பிள்ளை யோசித்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, வாசல் படியை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்தார். அங்கே இருந்தது அசல் ஆல்கா. முந்தின நாள் நான் விழுந்து எழுந்த இடம்.