இலக்கு எழுதுகிறோம், தேதி யார் கையில்?

படூரில் எங்கள் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு தங்கை, இரண்டாமாண்டு பொறியியல் படிப்பை நடுவில் விட்டுவிட்டாள். இப்போது நாவலூர்ப் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, "டி.சி. வாங்கிட்டேன்க்கா" என்றாள். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இதை எழுத வைக்கிறது.

"நீங்கதானேக்கா இலக்கு எழுதச் சொன்னீங்க. எழுதினதை முடிக்க முடியலன்னு உங்ககிட்டயே எப்படி வந்து சொல்றது?"

ஆமாம், நான்தான் எழுதச் சொன்னேன். முதலாண்டு சேர்ந்தபோது ஒரு நோட்டில் நாலு வரி எழுதினாள். அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும். மூன்றாமாண்டுக்குள் கோடிங் நன்றாக வர வேண்டும். சிறுசேரியில் வேலை. வீட்டுக்கு ஒரு கழிவறை. நாலுமே நல்ல இலக்குகள். நம் கல்லூரி அரங்குகளுக்கு வரும் எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் போடுவார்.

அந்தப் பக்கத்தில் இல்லாதவைதான் அவளைக் கவிழ்த்தன. உதவித்தொகை எப்போது வரும் என்பது அதில் இல்லை. கட்டணம் பாக்கி என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் யாரிடம் போவது என்பது இல்லை. அப்பா இரண்டு மாதம் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்பதும் இல்லை. மூன்றும் ஒரே செமஸ்டரில் வந்தன. அவள் சோம்பேறித்தனத்தால் தோற்கவில்லை. ஆனால் எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்திருந்ததால், தோல்வியும் தன்னுடையது மட்டுமே என்று நினைத்துக்கொண்டாள். வெட்கப்பட்டு ஒதுங்கினாள். இது என் தவறு.

இலக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு இலக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, அடுத்த படி எது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நான் கேட்பது வேறு: யாருடைய வாழ்க்கையை வைத்து இந்த இலக்குப் பாடத்தை எழுதினார்கள்?

நம் மாவட்டத்துக்காரரையே எடுத்துக்கொள்வோம். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். எங்கே சாதி தெரிந்துவிடுமோ என்று கூடப் படித்தவர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததாகவும், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்துவிட்டுப் பிறகே வகுப்புக்குள் போனதாகவும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிற்பாடு 1893இல் 'பறையன்' என்று தலைப்பிட்டே பத்திரிகை தொடங்கினார். 1930இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். வகுப்புக்கு வெளியே நின்ற மாணவனிடம் குறை இருந்ததா, வகுப்பறையிடம் இருந்ததா? அன்று அவரிடம் யாராவது 'தயக்கத்தை உடை, நட்பு வட்டத்தைப் பெருக்கு' என்று அறிவுரை சொல்லியிருந்தால் எவ்வளவு அபத்தமாக இருந்திருக்கும்!

அடுத்து அண்ணலின் படிப்பு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு கொலம்பியா போனார், 1915இல் எம்.ஏ. முடித்தார், லண்டன் போனார் என்று ஏறுவரிசையாகவே நமக்குச் சொல்கிறார்கள். நடுவில் நடந்ததை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. லண்டன் படிப்பை பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை இருந்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பம்பாய் வந்து 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி லண்டன். 1922இல் கொடுத்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். எழுதினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1917இல் லண்டனை விட்டுக் கிளம்பும் முன், நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் அவர் கப்பல் ஏறினார். பணம் தீர்ந்தது, ஆனால் இடம் தீரவில்லை. மூன்று ஆண்டு கழித்து அந்த அனுமதிதான் அவருக்குக் கதவைத் திறந்தது.

என் தங்கை டி.சி. வாங்கினாள். டி.சி. வாங்கினால் இடம் போய்விடும். அதற்குப் பதிலாக 'பிரேக் ஆஃப் ஸ்டடி' கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஆனாலும் கேட்டிருக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. இலக்கு எழுதச் சொன்ன நான் அதைச் சொல்லவே இல்லை.

உதவித்தொகைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. எத்தனையோ வீடுகளில் முதல் பொறியாளர் அப்படித்தான் வந்தார். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே கவுன்சிலிங்கில் வருகிற இடமா, நிர்வாக இடமா என்பது கௌரவப் பிரச்சினை இல்லை. நாலு வருடக் கடன் பிரச்சினை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். 2021-22 முதல் ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கு ஆதாரோடு சரியாக இணைக்கப்படாவிட்டால் பணம் வராது. வந்தாலும், வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் அந்தப் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேருமா? இதையும் நாம்தான் பேச வேண்டும், அப்பா அம்மாவையும் உட்கார வைத்து.

இப்போது மாலை வகுப்பில் இலக்கை வேறு மாதிரி எழுதுகிறோம். ஒரு தாளில் மூன்று கட்டம்.

முதல் கட்டம், என் கையில் இருப்பது. தினம் எத்தனை மணி நேரம் படிப்பேன், எந்தப் பாடத்தை எப்போது முடிப்பேன். இதில் சாக்குக்கு இடமில்லை. இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இரண்டாவது, அலுவலகத்தின் கையில் இருப்பது. வருமானச் சான்று, சாதிச் சான்று, உதவித்தொகைப் புதுப்பிப்பு, விடுதி இடம். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி, விண்ணப்ப எண், யாரிடம் கொடுத்தோம் என்ற குறிப்பு. வாய்வார்த்தையாக எதையும் விடக்கூடாது. விண்ணப்பத்துக்கு ரசீது வாங்கு, நகல் எடுத்து வை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது, 1994இல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் எப்படித் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். உரிமை தாளில் இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தாளைப் பின்தொடர ஆள் வேண்டும்.

மூன்றாவது, மனிதர்களின் கையில் இருப்பது. சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவேன்? குறைந்தது மூன்று பெயர், மூன்று எண்: ஒரு சீனியர், ஒரு ஆசிரியர், ஊரில் ஒருவர். அம்பேத்கருக்கே ஒரு சாகு மகாராஜாவும் ஒரு பதேனாவும் தேவைப்பட்டார்கள். நமக்கு உதவி கேட்க என்ன வெட்கம்?

தாளின் அடியில் ஒரு வரி: 'நிறுத்த வேண்டி வந்தால், திரும்பும் வழியை எழுத்தில் வாங்காமல் வெளியே வர மாட்டேன்.'

'இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் காரணம் காட்டுவார்களே' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் கட்டங்களைப் பிரிக்கிறோம். படிக்காமல் ஃபெயிலானால் அது முதல் கட்டம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் அது இரண்டாவது கட்டம், சண்டை போட வேண்டும். இரண்டையும் குழப்பினால் உழைக்க வேண்டிய இடத்தில் குறை சொல்வோம், போராட வேண்டிய இடத்தில் நம்மையே திட்டிக்கொள்வோம்.

அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போன ஞாயிறு போயிருந்தேன். பழைய நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். பழைய இடம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு ஒரு விண்ணப்பமும், கிடைக்காவிட்டால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர ஒரு விண்ணப்பமும் எழுதினோம். கிடைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது கட்டத்தில் முதல் பெயராக என் பெயரை நானே எழுதினேன். கழிவறை என்ற நாலாவது வரியை அவள் அடிக்கவில்லை.

இதைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த வாரம் ஒரு ஜூனியரின் தாளில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். கற்பி, ஒன்றுசேர் என்பதற்கு இந்த மாதம் எனக்குத் தெரிந்த பொருள் இதுதான்.

ஜெய்பீம்.