சுத்தமான நாற்று: புணே ஆய்வகம் மட்டும் போதுமா?

புது தில்லி: வைரஸ் தாக்கிய திராட்சைக் கொடியைத் தோட்டத்தில் வைத்துக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதிலிருந்து வெட்டிய குச்சியை நட்டால் நோயும் சேர்ந்தே வளரும். நட்ட கொடி பத்து, பதினைந்து ஆண்டுகள் நிற்பதால், முதல் நாளில் ஏமாந்த விவசாயி அத்தனை ஆண்டுகளும் இழப்பைச் சுமக்கிறார்.

இதற்குத் தீர்வாக அறிவிக்கப்பட்டதுதான் "சுத்தமான தாவரத் திட்டம்". 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதற்கு ரூ. 2,200 கோடி என்றார். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அது ரூ. 1,765.67 கோடியாகச் சுருங்கியிருந்தது. இதில் ஏறக்குறைய பாதி, ஆசிய வளர்ச்சி வங்கியிடம் வாங்கும் கடன்.

நாடு முழுவதும் 9 மையங்கள். திராட்சைக்கான மையம், புணே அருகே மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்துக்குக் கிடைத்தது. நாகபுரிக்கு ஆரஞ்சு, சோலாப்பூருக்கு மாதுளை என மகாராஷ்டிரத்துக்கு மட்டும் மூன்று.

ஆய்வக வேலை எளிதல்ல. தாய்ச்செடியை வெப்ப அறையில் வளர்த்து, வைரஸ் எளிதில் எட்டாத, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுனித் திசுவை வெட்டி எடுத்து வளர்க்க வேண்டும். அதன் பிறகும் மரபணுச் சோதனையில் தேற வேண்டும். தேறிய செடியைப் பூச்சி புகாத வலைக்குடிலில் பாதுகாக்க வேண்டும். மாவுப்பூச்சி ஒன்று நுழைந்தாலும் இலைச்சுருள் வைரஸ் திரும்பிவிடக்கூடும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பவை சில தாய்ச்செடிகளே. அவற்றை லட்சக்கணக்கில் பெருக்கி விற்க வேண்டியவை நாற்றங்கால்கள்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சான்றளிப்பு முறைக்கு 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தையே அரசு ஆதாரமாகக் காட்டியது. அச்சட்டத்தின் "விதை" என்ற வரையறையில் உணவுப் பயிர்களின் நாற்றும் ஒட்டுக்கன்றும் அடங்கும் என்பது உண்மை. ஆனால், அதில் சான்றிதழ் பெறுவது விற்பவரின் விருப்பம். 2004-இல் மாநிலங்களவைக்கு வந்த மாற்று மசோதா சட்டமாகாமலே போனது. 2025 நவம்பரில் மத்திய அரசு புதிய வரைவை வெளியிட்டது. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், நாற்றங்காலைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் மாநில அதிகாரிகள்தான். மானியம் தர தில்லிக்குத் தெரிகிறது. சோதனையிடும் ஆட்களை யார் நியமிப்பது என்பதில்தான் மௌனம்.

தமிழகத்துக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த ரகத்தின் சுத்தமான தாய்ச்செடியும் புணேயிலிருந்துதான் வர வேண்டும். அங்கே முன்னுரிமை பெறப்போவது ஏற்றுமதியாகும் நாசிக் ரகங்களா, உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் கம்பம் ரகமா என்று தமிழக எம்.பி.க்கள் கேட்டாக வேண்டும்.

வாழை விஷயம் இன்னும் கசப்பானது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து வைரஸ் அழித்த கதையைத் தமிழகம் அறியும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆயினும் அமைச்சரவை அறிவித்த ஒன்பது இடங்களில் தமிழகத்துக்கு ஒன்றுகூட இல்லை.