பரிசு காட்டினால் பணம் சேருமா?

கோபிசெட்டிபாளையம் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பேர் போன ஊர். கொடிவேரி அணையில் இருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வயல்களை வாழ வைக்கின்றன. அறுவடை முடிந்தால் கையில் பணம் புரளும். ஆனால், செலவு மாதந்தோறும் வரும்.

வந்த பணத்தைக் காப்பது எப்படி? வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்டுவது எப்படி?

"சேமியுங்கள்" என்று புத்தி சொன்னால் மட்டும் போதாது. கொஞ்சம் ஆசையும் காட்ட வேண்டும். அரசாங்கங்களே இதைச் செய்து பார்த்து இருக்கின்றன.

வட்டிதான் பரிசு

இங்கிலாந்தில் 1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் "பிரிமியம் பத்திரம்" விற்பனைக்கு வந்தது. ஒரு பத்திரத்தின் விலை ஒரு பவுண்டு. தனித்தனியாக வட்டி கிடையாது. எல்லோருடைய வட்டியையும் ஒன்றாகத் திரட்டினார்கள். குலுக்கலில் எண் விழுந்தவர்களுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு விழாதவருக்கும் போட்ட பணம் பத்திரமாக இருந்தது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

இந்திய அரசும் 1960-ம் ஆண்டு பரிசுப் பத்திரம் வெளியிட்டது. 5 ரூபாய் பத்திரமும் 100 ரூபாய் பத்திரமும் விற்றன. வட்டி இல்லை, குலுக்கலில் பரிசு உண்டு. 5 ஆண்டு முடிந்தால் போட்ட பணம் திரும்பி வரும்.

லாட்டரி அப்படி அல்ல. தமிழக அரசின் லாட்டரி 1968-ல் தொடங்கியது. அதில் எண் விழாவிட்டால் சீட்டு வெறும் காகிதம். ஒருவர் பெற்ற பரிசு, பலர் இழந்த பணம். கூலிக்காரர்களின் சம்பளம் லாட்டரியில் கரைந்தது. 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது.

ஏலச்சீட்டு

கொங்கு நாட்டில் பலருக்கும் பழக்கமான விளையாட்டு ஏலச்சீட்டு. 20 பேர் மாதம் 5 ஆயிரம் ரூபாய் போட்டால் ஒரு லட்சம் சேரும். அவசரக்காரர் 20 ஆயிரம் தள்ளிக் கேட்டால் அவருக்கு 80 ஆயிரம் கிடைக்கும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் 5 ஆயிரம். மீதி 15 ஆயிரத்தை 20 பேரும் பங்கிட்டால், தலைக்கு 750 ரூபாய்.

பொறுத்து இருந்தவருக்கு அது லாபம். அவசரக்காரருக்கு அது வட்டி. ஆனால், சீட்டு எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். அவர் நின்றுவிட்டால் மற்றவர்கள் பணம் ஆபத்தில் சிக்கும். அதனால்தான் 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம், ஒவ்வொரு சீட்டையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

ஒழுங்காகக் கட்டியவருக்கு என்ன?

கடனை அடைப்பவருக்கும் பரிசு உண்டு. தமிழகத்தின் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைக் கெடு தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது. கெடு தாண்டினால் வட்டி விழும். விவசாயிக்கு இது நல்ல தூண்டுகோல்.

2021 பிப்ரவரியில் 12 ஆயிரத்து 110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் கடன் அது. மழையில் பயிரை இழந்த குடும்பத்துக்கு அது மறுவாழ்வு.

ஆனால், நகையை விற்று முன்பே கட்டி முடித்தவருக்கு என்ன கிடைத்தது? வட்டி மட்டுமே மிச்சம். பாக்கி வைத்தவருக்கோ அசலும் மிச்சம். "அடுத்த தடவை எதற்காக முந்திக் கட்ட வேண்டும்?" என்று அவர் கேட்டால், பதில் சொல்வது கடினம். இழப்பு வந்தவரைக் கை தூக்கி விடத்தான் வேண்டும். அதற்காக, நாணயமாக நடந்தவரை மறந்துவிடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

தீபாவளிச் சீட்டோ, நகைச் சீட்டோ, பரிசு காட்டி யார் பணம் கேட்டாலும் வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்தப் பரிசு எங்கே இருந்து வருகிறது?"

வட்டியில் இருந்து வந்தால், அது சேமிப்பு. அசலில் இருந்து வந்தால், அது சூதாட்டம். பதிலே சொல்லாமல் மழுப்பினால், கொடுக்க வந்த பணத்தை மடியிலேயே முடிந்துகொள்வது நல்லது.