துப்பாக்கிக்கும் விலாசம் வேண்டும் சாமி!

சித்தூர், திருப்பதி பக்கம் பிழைக்க வந்த நம்மாட்கள் மத்தியில் கொஞ்ச நாளாக ஒரு புலம்பல். "வெளி மாநிலத்தான்னா இங்க துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்காது சார். வடக்க ஏதோ ஒரு மாவட்டத்துல காசு கொடுத்தா ஆல் இந்தியா லைசென்ஸே வாங்கித் தர்றாங்களாம். அமெரிக்காவுல கடைக்குப் போனா கையில கொடுத்துடறான்!"

மூன்று வாக்கியம், மூன்றும் தப்பு. ஆபீசில் ஆணி அதிகம்தான். ஆனாலும் இதை எழுதாமல் விட மனசில்லை.

முதலில் அமெரிக்கா. அங்கேயே 1968-ஆம் வருடச் சட்டப்படி வெளி மாநிலக் கடைக்காரர் கைத்துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்க முடியாது. உங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள வியாபாரிக்கு அனுப்பி, அவர் மூலமாகத்தான் வரும். நீளத் துப்பாக்கிக்கு 1986-இல் தளர்த்தினார்கள். அதற்கும் இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். துப்பாக்கி மலிந்த தேசத்திலேயே "நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, நம்ம சட்டம். ஆயுதம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றேதான். பிறந்தது திருநெல்வேலியா என்பது கேள்வியே இல்லை, குடியிருப்பது எங்கே என்பதுதான் கேள்வி. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். அதனால் திருப்பதியில் இருப்பவர் இன்னும் சித்தூருக்கு அலைய வேண்டாம். ஊரில் ஏற்கனவே லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியோடு இங்கே குடிவந்தால், 30 நாளுக்குள் லைசென்ஸ் கொடுத்த இடத்துக்கும் புது இடத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். "உங்க ஊருக்கே போய் வாங்கிக்கோ" என்று யாராவது விரட்டினால், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுதித்தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. இதெல்லாம் சலுகை இல்லை, சட்டம்.

மூன்றாவது, அந்தப் புரோக்கர். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சம் லைசென்ஸ்களுக்கு மேல் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. சொல்கிறது. அந்தப் பக்கமே வசிக்காதவர்கள் பெயரிலும் கொடுத்தார்களாம். 2020-இல் இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே கைதானார்கள். அப்படிப்பட்ட காகிதத்தையா நம்பி வாங்கப் போகிறீர்கள்? செல்லாத லைசென்ஸோடு பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 முதல் 5 வருடம்.

ஐநூறு ரூபாய் போட்டு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க வந்தாலே நான் விலாசச் சான்று கேட்கிறேன். கேட்காவிட்டால் ஆடிட்டர் என்னை வறுத்துவிடுவார். உயிரை எடுக்கிற சாமானுக்கு விலாசம் வேண்டாமா? உங்கள் தெரு ஸ்டேஷன்காரர் விசாரித்து எழுதுகிற அறிக்கைதான் லைசென்ஸின் உயிர். 2015 நவம்பரில் மேயர் அனுராதாவை அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டுக் கொன்ற ஊர் சித்தூர். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஸ்டேஷனுக்குத் தெரிந்திருப்பதன் அருமை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாங்காய் சீசனில் பணத்தோடு அலையப் பயம் என்றால், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். 24 மணி நேரமும் ஓடுகிறது ஐயா. அதற்குத் தோட்டா வேண்டாம் :-)

உண்மையில் என் கோபம் வியாபாரிகள் மேல் இல்லை. எங்கள் துறை மேல்தான். பணம் ஏற்றும் ஒவ்வொரு வேனிலும் குறைந்தது இரண்டு ஆயுதக் காவலர் வேண்டும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. நல்லது. ஏஜென்சிகள் என்ன செய்கின்றன? "சொந்தத் துப்பாக்கியோடு வருகிற ஆள் தேவை" என்று விளம்பரம் போடுகின்றன. துப்பாக்கியும் அவனுடையது, லைசென்ஸும் அவனுடையது, மாட்டினால் ஜெயிலும் அவனுடையது. 2021-இல் திருவனந்தபுரத்தில் ஏ.டி.எம். பணம் நிரப்பும் ஏஜென்சியில் வேலை பார்த்த காஷ்மீர்க் காவலர்கள் ஐந்து பேரைப் போலி லைசென்ஸ் என்று போலீஸ் கைது செய்தது. அவர்களும் நம்மைப் போலத்தான். ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பியவர்கள்.

ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் இருக்கிறது. காவலரை வாசலில் நிறுத்துவதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்து, லைசென்ஸ் கொடுத்த மாவட்டத்துக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும். செலவு ஏஜென்சியுடையது, பொறுப்பு வங்கியுடையது. அடமானப் பத்திரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிற நாம், வாசலில் நிற்பவரின் லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டுவிட்டுத் தூங்குவது அநியாயம்.

டிஸ்கி: நான் பி.காம். படித்த வங்கிக்காரன், வக்கீல் இல்லை. லைசென்ஸ் வேண்டுபவர்கள் நேராக உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். புரோக்கரிடம் மட்டும் போகாதீர்கள்.